ஆளுக்கு இரண்டு எண்

விமான நிலைய வாசலில் மாமனார் மருமகன்கள் இருவரையும் தனித்தனியாக ஓரம் கட்டினார். முதலில் மூத்தவனை, தள்ளுவண்டிகள் செருகி நின்ற மூலைக்கு அழைத்துப் போய், காதுக்குள் இரண்டு எண்களைச் சொன்னார். "திருப்பிச் சொல்லுங்க" என்றார். சொன்னான். "மெதுவா" என்று அதட்டினார். பிறகு இளையவனை எதிர்மூலைக்குக் கூட்டிப் போனார். அவன் காதிலும் இரண்டு எண்கள். நான்கும் சேர்ந்தால்தான் வங்கிக் கார்டு வேலை செய்யும்.

பெட்டிகளுக்குக் காவலாக நின்ற மகள்கள் இருவரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அப்பா நடத்தும் லாண்டரியின் இரும்புக் கதவுக்கும் இரண்டு பூட்டுகள்தான், சாவி ஆளுக்கொன்று.

"கார்டு பெரிய மாப்பிள்ளைகிட்ட இருக்கும். எடுக்கற பணம் சின்ன மாப்பிள்ளை இடுப்புல இருக்கும். நம்பர் ஆளுக்குப் பாதி" என்றார் மாமனார். "ஒருத்தர் தனியா ஓட முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஓட மாட்டீங்க. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு."

இளையவன் பல்லைக் காட்டினான். மூத்தவன் கார்டை உள்சட்டைப் பையில் போட்டு ஊசி குத்திக்கொண்டான்.

பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பலாமே என்று மாமியார் முந்தின வாரம் கேட்டிருந்தாள். ஒருத்தன் பறிகொடுப்பான், இன்னொருத்தன் பறிகொடுத்ததாகச் சொல்லுவான் என்று மாமனார் பதில் சொல்லிவிட்டார். எவன் எது என்று சொல்லவில்லை. அன்றிரவு இரண்டு மகள்களும் தத்தம் புருஷனிடம், அப்பா சொன்னது உங்களை இல்லை என்று சமாதானம் சொன்னார்கள்.

மூத்தவன் அந்த லாண்டரிக்குள் முதன்முதலில் மாப்பிள்ளையாக வரவில்லை. கொதிகலனில் நீராவி கசிகிறது என்று கூப்பிட்டு வந்த மெக்கானிக். கசிவை அடைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். "பார்த்துக் குடுங்க" என்றான். மாமனார் தன் வாழ்நாளில் கேட்ட மிக இனிமையான வார்த்தை அதுதான். மறு மாதம் மறுபடியும் கூப்பிட்டார். மறு வருடம் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக் கொடுப்பதும் நின்றுவிட்டது. மாடியில் ஓர் அறை, கீழே சாப்பாடு. "வீட்டு மனுஷனுக்குச் சம்பளம் குடுத்தா வெளியில சிரிப்பாங்க" என்றார் மாமனார். முடி வெட்டிக்கொள்ளப் போக வேண்டுமென்றால் கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். எடுத்துக் கொடுத்துவிட்டு, தலையைப் பார்த்து, "இதுக்கா அவ்வளவு வாங்கினான்?" என்பார்.

இளையவன் வந்த வழி வேறு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. பெட்டியோடு வந்து மாமனாருக்குச் சத்து மாத்திரை விற்றவன், இளைய மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். கோட்டும் பட்டும் சலவைக்கு வாங்கி வைக்கும் முன்கடை அவன் கைக்குப் போயிற்று. மூத்தவனுக்குப் பின்கட்டு. லாட்ஜுகளின் விரிப்பு, ஆஸ்பத்திரிகளின் விரிப்பு, இரத்தம், மஞ்சள் கறை, நீராவி. முன்கடையில் மின்விசிறி ஓடும். பின்கட்டில் சட்டை போட்டுக்கொண்டு நிற்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் இளையவன் மூக்கைச் சுருக்கி, "அண்ணன் வந்துட்டாரு, ஆஸ்பத்திரியும் கூடவே வந்துடுச்சு" என்பான். அவன் மனைவி சிரிப்பாள். மூத்தவனின் மனைவி குழம்புச் சட்டியை ஓசையோடு வைப்பாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு மிஷின். வெளிநாட்டில் பெரிய ஹோட்டல் ஒன்றை இழுத்து மூடுகிறார்கள், அதன் லாண்டரிச் சாமான்கள் விலைக்கு வருகின்றன என்று ஒரு தரகர் தகவல் சொன்னார். அதில் ஓர் உருளை இஸ்திரி. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் போய், கத்தி மாதிரி வரும். ஆறு பேர் வேலை. மாமனார் படத்தைப் பார்த்துவிட்டு மூத்தவனிடம், "இது வந்தா ஆஸ்பத்திரி வேலையைத் தனி ஷெட்டுக்கு மாத்திடலாம். ஷெட் உங்க பொறுப்பு. மேல ரெண்டு ரூம் இருக்கு, குடும்பத்தோட போய் இருந்துக்குங்க" என்றார்.

அவர் அவனுக்குச் செய்த ஒரே வாக்குறுதி அது. தனி வாசல், தனி அடுப்பு. கல்லாவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம். அவன் அந்த மிஷினின் படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டான். மனைவியின் படம் ஏற்கெனவே அதில் இருந்தது. இப்போது பின்னால் போய்விட்டது.

அந்த ஊரில் அவர்கள் தங்கிய அறையில் ஒரே கட்டில். நடுவில் ஒரு தலையணையை நெடுக்கே போட்டுக்கொண்டார்கள். ஒருவன் இடுப்பில் பணம் வைத்த துணிப்பட்டை, இன்னொருவன் நெஞ்சில் ஊசி குத்திய கார்டு. இருவரும் மல்லாந்தே தூங்கினார்கள்.

கார்டில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு. ஆகவே தினமும் காலையில் ஏடிஎம்முக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளி இருவரும் ஒன்றாக நுழைவார்கள். மூத்தவன் கார்டைச் செருகி, உடம்பை மூடி போலக் கவிழ்த்து, முதல் இரண்டு எண்களை அழுத்துவான். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பான். இளையவன் வந்து அதேபோலக் கவிழ்ந்து மீதியை அழுத்துவான். வெளியே காத்திருப்பவர்கள் இதைப் பார்ப்பார்கள். ஒரு கிழவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேறு ஏடிஎம்மைத் தேடிப் போனாள்.

"அண்ணே, தோள் இடிக்குது."

"உன் கண்ணு என் விரல்ல இடிக்குது. அதைத் திருப்பு."

"உங்க ரெண்டு நம்பரை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? முறுக்கா பிழியப் போறேன்?"

"தெரியல. நீ எதை எதையோ வித்தவன்."

இரண்டாம் நாள் திரை ஒரு கேள்வி கேட்டது. கணக்கை உங்கள் நாட்டுப் பணத்தில் போடட்டுமா, இந்த நாட்டுப் பணத்தில் போடட்டுமா என்று. பொத்தான்களுக்கு எதிரே இளையவன்தான் நின்றான். நம்ம காசு என்றால் நமக்குப் புரியுமே என்று அதையே அழுத்தினான். மிஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விலை போட்டு, கணிசமாகக் கடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. மூத்தவன் அங்கேயே நின்று மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, சின்னவர் ஒரு பட்டனைத் தப்பா அழுத்திட்டாரு. நஷ்டம். நான் சொல்லலைன்னு நாளைக்கு வரக் கூடாது பாருங்க, அதான் சொல்றேன்."

இளையவன் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பதிலுக்கு ஒன்று கண்டுபிடித்தான். சிறிய தொகைக்கு நம்பரே கேட்காமல் கார்டால் மிஷினைத் தொட்டாலே கடைக்காரன் பணத்தை எடுத்துக்கொள்கிறான். மூத்தவன் அப்படித் தொட்டு ஒரு குறடு வாங்கியிருந்தான். இளையவன் ரசீதைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பினான். மாமனார் கூப்பிட்டார்.

"தொட்டா போகுதா?"

"சின்னச் சாமானுக்குத்தான் மாமா. மிஷினைக் கழட்டிப் பார்க்கக் குறடு வேணும்."

"அப்போ நம்பரை எதுக்குப் பாதியாக்கினேன் நான்? கார்டை வெளியில எடுக்கும்போது உறை போட்டு எடுங்க."

இப்படியே பணம் சேர்ந்தது. தரகர் அவர்களுடைய மொழி பேசுகிறவர், பல வருடங்களாக அங்கே இருப்பவர், எதிலும் அவசரம். முன்பணம் வாங்கிக்கொண்டார். மீதி ரொக்கமாகத்தான் வேண்டும், பாங்க் மூலம் வருகிற பணத்துக்கு அவர் காத்திருக்கமாட்டார். ஹோட்டலின் நிலத்தடித் தளத்தில் மிஷினை மூத்தவன் பார்த்தான். உருளைகளில் கையை வைத்துத் தேய்த்தான். பல்சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்தான். படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. தரகர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு பார்ட்டி வந்திருக்காங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மீதி வரலைன்னா குடுத்துடுவேன். அப்புறம் ஊர்க்காரன்னு வந்து நிக்காதீங்க."

ஒரே ஒரு நாள் எடுக்கிற பணம்தான் பாக்கி. அன்றைக்கு என்று பார்த்து இளையவன் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

"தலைவலி. நாளைக்குப் பார்க்கலாம்."

"நாளைக்கும் இப்படிப் படுத்துட்டா மிஷின் போயிடும்."

"போனா போகட்டும். பக்கத்துத் தெருவுல ஒரு கிடங்கு, அங்க ஒரு டிரை கிளீனிங் மிஷின் பார்த்தேன். பாதி விலை. கையில இருக்கற காசுக்கே வரும். முன்கடைக்கு ஆகும். அழுக்கு விரிப்பைத் தேய்க்கறதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?"

"மாமா சொன்னது உருளை."

"மாமா வாயை மாத்திப்பார். அவர் என்ன கல்வெட்டா?"

மூத்தவன் அவன் இடுப்பைப் பார்த்தான். பட்டை புடைத்திருந்தது. அடித்துப் பிடுங்கலாம். அந்த எண்ணம் வந்ததில் அவனுக்கு ஆச்சரியமில்லை. இத்தனை நாள் வராததில்தான் ஆச்சரியம். ஆனால் பிடுங்கினாலும் பாக்கி பாக்கிதான். கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினான்.

ஏடிஎம் காலியாக இருந்தது. கார்டைச் செருகித் தன் இரண்டு எண்களை அழுத்தினான். மீதி இரண்டு. மாமனாரின் மண்டைக்குள் புகுந்து யோசித்தான். செல்ல மகள் இளையவள். அவள் பிறந்த தேதியாக இருக்கும். அழுத்தினான். தவறு என்றது திரை. மாமனாருக்கு மகளைவிடக் கடை செல்லம். கடையின் கதவு எண்ணை அழுத்தினான். தவறு.

மூன்றாவது முறை தவறினால் கார்டு பூட்டிக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியும். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. மாமனாருடைய ஸ்கூட்டர் எண் நினைவுக்கு வந்தது, அதுதான் என்று நிச்சயமாகத் தோன்றியது. விரலை எடுத்துக்கொண்டான். ரத்து செய்து, கார்டை வாங்கி, ஊசி குத்தி, வெளியே வந்தான். இரண்டோடு நிறுத்தியதற்காகத் தன்னைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டான்.

மறுநாள் காலை தாழ்வாரத்துக் கோடியில் இருந்த பொதுக் குளியலறைக்குப் போனான். சட்டை அறையில் ஆணியில் தொங்கியது. தண்ணீர் சூடாவதற்கு நேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது இளையவன் தலைசீவி, ஷூ மாட்டி, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே, போலாம். தலைவலி விட்டுடுச்சு."

"என்ன திடீர்னு?"

"உங்க மிஷின் போயிடுமில்ல? சீக்கிரம் கிளம்புங்க. உடனே போனாத்தான் சரியா இருக்கும்."

அவன் வாயிலிருந்து 'உங்க மிஷின்' என்று வந்ததே மூத்தவனுக்குப் பிடிக்கவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தான். கார்டு இருந்தது. ஊசியும் இருந்தது.

தெருக்கோடி ஏடிஎம்மைத் தாண்டி அடுத்த தெருவில் இருந்ததற்கு இளையவன் கூட்டிப் போனான். அங்கே கூட்டம் என்றான். கூட்டம் எதுவும் இல்லை. மூத்தவன் தன் இரண்டை அழுத்திச் சுவர்ப்பக்கம் திரும்பினான். இளையவன் தன் இரண்டை அழுத்தினான். மிஷின் யோசித்தது. உள்ளே ஏதோ புரண்டது. எண் பலமுறை தவறாகக் கொடுக்கப்பட்டதால் கார்டு வைத்துக்கொள்ளப்படுகிறது, உங்கள் வங்கியை அணுகவும் என்று திரையில் வந்தது. பிறகு வழக்கமான விளம்பரம் வந்தது. ஒரு குடும்பம் புல்வெளியில் சிரித்துக்கொண்டு நின்றது.

மூத்தவன் கார்டு போன பிளவுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தான். இளையவன் சும்மா நின்றான்.

"என்னடா ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்? கார்டு உங்ககிட்ட இருந்த சாமான்."

உள்ளே இருந்த வங்கிப் பெண், வேறு வங்கியின் கார்டு விழுங்கப்பட்டால் அதைக் கத்தரித்துவிடுவார்கள், திருப்பித் தர வழியில்லை என்று மரியாதையாகச் சொன்னாள். இருவரும் தெருவுக்கு வந்தார்கள். மூத்தவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். தன்னுடையது இரண்டு. மூன்றாவது யாருடையது? ஆணியில் தொங்கிய சட்டை, ஷூ மாட்டி உட்கார்ந்திருந்தது, மூச்சு வாங்கியது, தாண்டி வந்த ஏடிஎம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. உடனே போனால்தான் சரியாக இருக்கும் என்றானே. கார்டு பூட்டிய செய்தி மாமனாருக்குப் போன நேரமும் இருவரும் சேர்ந்து நின்ற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த அவசரம்.

அவன் முகம் மாறுவதை இளையவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கைக்குட்டையால் ஷூவின் முனையைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்டான்:

"ஏண்ணே, ஒரே ஒரு தடவை தப்பாப் போட்டா கார்டு பூட்டிக்குமா?"

"எந்த ஒரு தடவை?"

"சும்மா கேக்கறேன். பொதுவா. ஒரு தடவைக்குப் பூட்டாதில்ல? அதுக்கு முன்னாடி வேற யாராவது ரெண்டு தடவை போட்டிருக்கணும், இல்லையா?"

பதில் சொன்னால் மூத்தவன் தன்னுடைய இரண்டைச் சொல்ல வேண்டும். கேட்டவன் தன்னுடைய ஒன்றைச் சொல்லிவிட்டான், ஆனால் சொல்லாத மாதிரி. இருவரும் தெருவில் எதிரெதிரே நின்றார்கள். ஒருவன் திருடன் என்று மற்றவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாயில்லை.

"எவ்வளவு எடுக்கலாம்னு போன?" என்றான் மூத்தவன் கடைசியில்.

"நீ எவ்வளவு எடுக்கலாம்னு போனியோ அவ்வளவு."

கல்யாணமான நாளிலிருந்து இளையவன் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுவந்தான். அது அந்தத் தெருவோடு முடிந்தது.

மாமனாரின் போன் வந்தது. இளையவன் சத்தத்தைக் கூட்டிக் கையை நீட்டிப் பிடித்தான்.

"கார்டு பூட்டிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. யாரு வேலை?"

"மிஷின் கோளாறு மாமா" என்றான் இளையவன்.

"பெரியவர் என்ன சொல்றாரு?"

மூத்தவன் போனுக்குக் குனிந்தான். "மிஷின் கோளாறுதான் மாமா."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்களே. என்னைக்குமில்லாத ஒத்துமை. ஏதோ பெருசாப் பண்ணியிருக்கீங்க." கல்லாவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. "புதுக் கார்டு எடுத்து அனுப்பறதுக்குள்ள தரகன் வித்துடுவான். கையில இருக்கறதுக்கு என்ன வருதோ அதை வாங்கிட்டு வந்து சேருங்க."

கையில் இருப்பதற்கு வருவது டிரை கிளீனிங் மிஷின். இளையவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு திருப்தி.

மூத்தவனிடம் இன்னொரு கார்டு இருந்தது. அவனுடையது. அது உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவன் மனைவி உட்பட. லாண்டரிக்கு விடுமுறையான நாட்களில் சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேறு லாண்டரிகளின் மிஷின்களைப் பழுது பார்த்து வந்தான். கூலியை நகரத்தின் மறுகோடியில் ஒரு வங்கியில் போட்டான். தனி வீட்டுக்கு முன்பணம் சேர்ந்ததும் மனைவியிடம் சொல்லலாம் என்றிருந்தான். சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று தோன்றியது. பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிப்போயிற்று. புறப்படுவதற்கு முன்னால் அந்த வங்கிக்குப் போய், வெளிநாட்டில் எடுக்க அனுமதி எழுதிக் கொடுத்து வந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. கார்டை வலது ஷூவில் பாதத்துக்கு அடியில் வைத்து இத்தனை நாள் மிதித்து நடந்திருந்தான்.

இளையவனை அறைக்கு அனுப்பிவிட்டு, வேறொரு தெருவில் ஏடிஎம்மைத் தேடிப் பிடித்தான். சுவரில் சாய்ந்து ஷூவைக் கழற்றினான். கார்டு பாதத்தின் வடிவத்துக்குச் சற்றே வளைந்திருந்தது. தொடையில் வைத்து நிமிர்த்தி, செருகினான். முதல் இரண்டு எண்களை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். மிஷின் கூவியதும்தான் அங்கே வேறு யாரும் வரப்போவதில்லை என்று உறைத்தது. மீதி இரண்டையும் அவனே அழுத்தினான்.

எந்தப் பணத்தில் என்று திரை கேட்டது. இந்த நாட்டுப் பணம் என்றான். நோட்டுகள் வந்தன. பாக்கிக்குச் சரியாக இருந்தது. இனி இளையவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே, தரகரைக் காத்திருக்கச் சொல்ல ஹோட்டலை நோக்கி நடந்தான். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முழு விலையும் இருக்கிறது, மாமா முதலில் சொன்ன மிஷின், வாங்காமல் போனால் காரணம் கேட்பார், காரணத்தை நான் சொல்லுவேன், என் இரண்டையும் சேர்த்துச் சொல்லுவேன் என்று மிரட்டினால் போதும். ஷெட்டின் மேல் இருக்கும் இரண்டு அறைகளுக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி வேண்டும்.

ஹோட்டலின் பின்வாசலில் தரகர் சிகரெட்டோடு நின்றுகொண்டு கையசைத்தார். அப்போது மனைவி போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, இது என்ன மெசேஜ்?"

அவனுடைய ஊர் நம்பர் அவளிடம் இருந்தது. வெளிநாட்டில் அதை வைத்திருந்தால் காசு எகிறும் என்று, சிம்மைக் கழற்றி அவள் போனில் போட்டுவிட்டு, இங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டிருந்தான். வங்கி அந்த நம்பருக்குத்தான் செய்தி அனுப்பும். அதை அவன் நினைக்கவே இல்லை.

"என்ன மெசேஜ்?"

"பணம் எடுத்ததா வந்துச்சு. கடைக் கார்டுதான் சரியாயிடுச்சு போலன்னு அப்பாகிட்ட சத்தமாப் படிச்சுட்டேன். இதுல உங்க பேரு இருக்கு. வேற ஏதோ பாங்க். யார் பணம் இது?"

"நீ உள்ளே போய்ப் பேசு."

"அப்பா இங்கதான்..."

போன் கை மாறியது.

"மாப்பிள்ளை. தனியாக் கடை போட்டிருக்கீங்களா?"

"ரிப்பேர் பண்ணின கூலி மாமா. லீவு நாள்ல."

"எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எவன் வீட்டு மிஷினை ரிப்பேர் பண்றீங்க? அந்தக் கைக்குத் தொழில் எங்க பழகினீங்க, யாரோட கொதிகலன்ல? அது கடைப் பணம். கடையோட நேரம், கடையோட கை."

"லீவு நாள் மாமா."

"லீவு விட்டது யாரு? நான்." அவர் குரல் தணிந்தது. அதுதான் மோசம். "சரி, விடுங்க. எடுத்த பணத்தையும் போட்டு உருளையை வாங்கிட்டு வாங்க. பில் கடை பேருக்குப் போடச் சொல்லுங்க. ஷெட்டைச் சின்ன மாப்பிள்ளை பார்த்துக்கட்டும். நீங்க வாங்க, உட்கார்ந்து பேசுவோம்."

தரகர் சிகரெட்டை மிதித்து அணைத்தார். "என்ன சார், வருதா வரலையா?" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் படிகள் கீழே இறங்கின. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உருளையின் ஒரு முனை அங்கிருந்தே தெரிந்தது.

"மாமா" என்றான் மூத்தவன். "மிஷின் போயிடுச்சு."

"என்ன?"

"இப்பத்தான் வித்துட்டான். கண் முன்னாடி லாரியில ஏத்திக்கிட்டிருக்காங்க."

போனை அணைத்தான். தரகரிடம் போய், வேண்டாம் என்றான்.

"வேண்டாமா? இத்தனை நாள் வந்து தடவித் தடவிப் பார்த்துட்டு வேண்டாமா? முன்பணம் திரும்பாது, தெரியுமில்ல?"

"அது என் பணம் இல்ல."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு உதவி பண்றதே தப்பு. போய்யா" என்றார் தரகர். மூத்தவன் போனான். இரண்டு தெரு தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் அந்த நாட்டு நோட்டுகள். ஊருக்குப் போய் மாற்றினால் இன்னும் கொஞ்சம் போகும். உருளையைத் தேய்த்த எண்ணெய் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. மிஷின் நல்ல மிஷின். அதை வேறு யாரோ கொண்டுபோவார்கள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. இளையவன் அதன் பக்கத்தில் நின்று ஆள்களை ஏவுவதை நினைத்தபோது அந்த எரிச்சல் அடங்கியது.

மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். மொட்டைமாடியிலிருந்து பேசினாள். பின்னால் காற்றுச் சத்தம்.

"எத்தனை வருஷமா?"

அவன் நோட்டுகளை மடித்துப் பையில் வைத்தான்.

"நான் கம்மல் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? காசுக்கு எங்க போவேன்னு கேட்டீங்க. முகத்தைப் பரிதாபமா வேற வச்சுக்கிட்டீங்க. எங்கப்பனாவது நேராத் திருடறான்."

"தனி வீட்டுக்குத்தான்..."

"யாருக்கு வீடு? என்கிட்ட சொல்லாம வச்ச காசுல எனக்கு வீடா?" மூச்சை இழுத்துவிட்டாள். "மெசேஜ்ல மிச்சம் எவ்வளவுன்னு கீழ இருந்துச்சு. அப்பா கண்ணாடி தேடறதுக்குள்ள அழிச்சிட்டேன். அவருக்குத் தெரிஞ்சது நான் படிச்ச தொகை மட்டும்தான். கையில இருக்கறதைத் திருப்பி பாங்க்ல போடாதீங்க. அவர்கிட்ட நீங்க எதுவும் பேச வேண்டாம். உங்களுக்குப் பொய் வராது. இத்தனை நாள் என்கிட்ட சொன்னது மட்டும்தான் நல்லா வந்திருக்கு."

"வீடு பார்க்கறியா?"

"பார்க்கறேன். என் பேருக்கு."

வைத்துவிட்டாள்.

அறைக்குத் திரும்பியபோது இளையவன் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஊரிலிருந்து எல்லாச் செய்தியும் வந்து சேர்ந்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

"பெரிய ஆளுதான் நீ. ஷூவுக்குள்ள பாங்கே வச்சிருக்க."

மூத்தவன் தன் பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தான்.

"சரி, அதை விடு. நாளைக்கு அந்தக் கிடங்குக்கு வா. டிரை கிளீனிங் மிஷினைத் திறந்து பார்த்துச் சொல்லணும். மோட்டார் நல்லாருக்கா, எங்கயாவது ஒட்டுப்போட்டு வச்சிருக்கானான்னு. எனக்கு அது பிடிபடாது."

"கூலி என்ன?"

"என்ன?"

"வெளியாளைக் கூப்பிட்டா கூலி பேசுவியா இல்லையா?"

இளையவன் சிரித்தான். "சகலைகிட்ட கூலியா? மாமா காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"போன் போட்டுச் சொல்லு. நானே பேசறேன்."

சிரிப்பு நின்றது. இளையவன் எழுந்து உட்கார்ந்தான். மூத்தவன் ஒரு தொகையைச் சொன்னான். இந்த ஊரில் ஒரு மெக்கானிக் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு.

"ஏய், இது பகல் கொள்ளை."

"அப்போ வேற ஆளைப் பாரு. இங்க நிறைய பேர் இருப்பாங்க. அவங்க பேசறது உனக்குப் புரியுமான்னு தெரியல."

"பார்த்து முடிச்சதும் தரேன்."

"முன்னாலயே."

குறடும் திருப்புளியும் இருந்த தோல் பையை மூத்தவன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அவசரப்படவில்லை. இளையவன் ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், ஏதோ முணுமுணுத்தான். கடைசியில் சட்டையைத் தூக்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றபடி, இடுப்புப் பட்டையின் ஜிப்பை இழுத்தான்.